மரியாதை தெரிந்த தோட்டா

1927 நவம்பரில் திபூர்சியோ சுட்ட தோட்டா, பத்தடி தள்ளி நின்ற நிக்கனோரின் மார்புக்கு வந்து சேர இருபத்து நான்கு வருஷம் ஆனது. எங்கள் அகுவா மான்சாவில் எதுவுமே தாமதமாகத்தான் வரும். குவாதலஹாரா நகரத்தில் இருந்து தேவாலயத்துக்கு வரவேண்டிய ஆர்மோனியம் ஆறு வருஷம் கழித்து, அதுவும் பாதிக் கட்டைகள் இல்லாமல் வந்தது. தலைநகரில் ஜனாதிபதி மாறிய செய்தி, அடுத்தவர் வந்த பிறகுதான் எங்களுக்குத் தெரியும். ஆனாலும் ஒரு தோட்டா இவ்வளவு காலம் எடுத்துக்கொள்ளும் என்று நாங்கள் யாரும் நினைக்கவில்லை.

இருவரும் ஒன்றாக வளர்ந்தவர்கள். பக்கத்துத் தோட்டத்தில் சப்பாத்திக்கள்ளிப் பழம் திருடி, ஒரே ஆளிடம் ஒரே நாளில் அடி வாங்கியவர்கள். வாடா, போடா என்பதற்கு மேல் ஒருவரை ஒருவர் கூப்பிட்டதில்லை. திபூர்சியோவுக்கு முதல் மகள் ஒத்திலியா பிறந்ததும், அவளைக் கையில் ஏந்தி ஞானஸ்நானத் தொட்டிக்குக் கொண்டு போக நிக்கனோரைத் தவிர வேறு ஆளைத் தேடவேண்டிய அவசியமே வரவில்லை. குழந்தையின் தலையில் தண்ணீர் விழுந்த கணத்தில் இருவரும் கொம்பாத்ரே ஆகிவிட்டார்கள். அதாவது குழந்தையைப் பெற்ற தகப்பனும் ஞானத்தகப்பனும். அதற்குப் பிறகு அவர்களுக்குள் 'நீ' கிடையாது, சாகும்வரை 'நீங்க' மட்டும்தான். கொம்பாத்ரேயை 'நீ' என்று சொன்னவன் அந்தத் தொட்டியிலேயே துப்பியவன் என்பது எங்கள் பக்கத்துக் கணக்கு. அன்று மத்தியான விருந்தில் திபூர்சியோ, "டேய், அந்தக் குழம்ப இப்படித் தள்ளு" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். எல்லோரும் சிரித்தோம். அவர்கள் இருவரும் சிரித்த சிரிப்பில் கொஞ்சம் துக்கம் இருந்தது. ஒரு உறவு கிடைத்தபோது ஒரு சிநேகிதம் கைவிட்டுப் போனது அவர்களுக்குத்தான் தெரியும்.

பிறகு சண்டை வந்தது. அரசாங்கம் பாதிரிமார்களுக்கு எதிராகச் சட்டம் போட்டது. ஆயர்கள் பூசையை நிறுத்திக் கோயிலைச் சாத்தினார்கள். மலையில் இருந்து 'கிறிஸ்து ராஜா வாழ்க' என்று ஒரு கூட்டமும், ரயிலில் இருந்து 'அரசாங்கம் வாழ்க' என்று ஒரு கூட்டமும் இறங்கின. திபூர்சியோவின் வம்சத்திலேயே முதன்முறையாக, பண்ணையார் நிலத்தில் ஒரு துண்டை அரசாங்கம் அவனுக்கு எழுதிக் கொடுத்திருந்தது. அந்தப் பண்ணையார் பாதிரியாரின் அங்கிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு நிலத்தைத் திரும்பக் கேட்டான். திபூர்சியோ தொப்பியில் சிவப்புத் துணி கட்டிக்கொண்டு அரசாங்கப் படையில் சேர்ந்தான். கோவேறு கழுதை ஓட்டும் நிக்கனோர் அப்படியொன்றும் பக்திமான் அல்ல, பிரசங்கத்தில் குறட்டை விடுகிறவன். ஆனால் சிப்பாய்கள் கோயிலுக்குள் குதிரை கட்டி, ஞானஸ்நானத் தொட்டியில் தீவனம் போட்டதைப் பார்த்த அன்று, கழுதைகளை ஓட்டிக்கொண்டு மலைக்குப் போய்விட்டான். ஒருவன் சொன்னதும் நியாயம், மற்றவன் சொன்னதும் நியாயம். அதுதான் பெரிய தொல்லை. மலைக்காரர்கள் அரசாங்க நிலம் வாங்கியவர்களின் கழுத்தில் மண்மூட்டை கட்டித் தூக்கில் போட்டார்கள். சிப்பாய்கள் பிடிபட்டவர்களைத் தந்திக் கம்பங்களில் வரிசையாகத் தொங்கவிட்டார்கள். ரயிலில் போகிறவர்கள் ஜன்னல் திரையை இழுத்துவிட்டுக்கொண்டு சாப்பிடக் கற்றுக்கொண்டார்கள்.

ஒத்திலியாவின் பெயர்த் திருநாளுக்கு, அதாவது அவள் பெயர்கொண்ட புனிதையின் நாளுக்கு, ஞானத்தகப்பன் தின்பண்டம் கொடுக்கவேண்டும். சண்டை நடக்கிறது என்பதற்காக வழக்கத்தை விடமுடியுமா என்று நிக்கனோர் மடியில் சர்க்கரைவள்ளி மிட்டாயைக் கட்டிக்கொண்டு மலையிறங்கினான். ஊருக்குள் நுழையும்போதே பிடிபட்டான். இருவரும் கொம்பாத்ரே என்று கேள்விப்பட்ட சிப்பாய்த் தலைவன், திபூர்சியோவின் விசுவாசத்தைப் பார்த்துவிடலாம் என்று துப்பாக்கியை அவன் கையில் கொடுத்தான். மாட்டேன் என்றால் இருவரையும் சேர்த்துச் சுவரில் நிறுத்துவேன் என்றான். உறவை வைத்துக்கொண்டு கொம்பாத்ரேயைச் சுட்டால் நரகத்தில்கூட இடம் கிடைக்காது என்பது திபூர்சியோவுக்குத் தெரியும். அதனால் முதலில் 'நீ' என்று சொல்லி உறவை முறித்துவிட்டு, பிறகு சுடுவது என்று முடிவு செய்திருந்தான். இதை அவனே பின்னால் எங்களிடம் சொன்னான். சதுக்கத்தில் ஊர் முழுக்கக் கூடியிருந்தது. துப்பாக்கியை உயர்த்தி, வாயைத் திறந்தான். பழக்கம் முந்திக்கொண்டது.

"கொம்பாத்ரே, கொஞ்சம் நிழல்ல நில்லுங்க. வெயில் அடிக்குது."

"ஆகட்டும் கொம்பாத்ரே," என்று நிக்கனோர் ஒரு அடி நகர்ந்து நின்றான்.

திபூர்சியோ சுட்டுவிட்டான். சத்தம் கேட்டது, புகை வந்தது, புறாக்கள் பறந்தன. தோட்டா மட்டும் பாதி வழியில், மார்பு உயரத்தில், அந்தரத்தில் நின்றது. மரியாதையாக நிற்கச் சொல்லப்பட்ட ஒரு மனிதரை முட்டித் தள்ளிக்கொண்டு போக அதற்கு மனம் வரவில்லை. சிப்பாய்கள் தோட்டாவையே பார்த்தார்கள். நிக்கனோர் தன் மார்பைத் தடவிப் பார்த்தான். மடியில் இருந்த மிட்டாயை எடுத்து, திபூர்சியோவின் மனைவியிடம் கொடுத்தான். சிப்பாய்களின் வரிசைக்கு நடுவிலேயே நடந்து மலைக்குத் திரும்பினான். அவனைத் தடுக்கவேண்டும் என்று தலைவனுக்கு நினைவு வந்தபோது அவன் ஆற்றைத் தாண்டிவிட்டான்.

தோட்டாவை எடுக்க எல்லோரும் முயன்றார்கள். கையால் இழுத்தார்கள், இடுக்கி போட்டார்கள், கயிறு கட்டி எருதை விட்டார்கள். கயிறுதான் அறுந்தது. அரசாங்கத்தில் இருந்து வந்த நிபுணர், வெடிமருந்து ஈரமாக இருந்திருக்கும் என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார். மலையில் கிறிஸ்து ராஜாவின் அற்புதம் என்று துண்டுச்சீட்டு அடித்தார்கள். தோட்டா இரண்டு பக்கத்துக்கும் ஒத்துழைக்கவில்லை. அதன் முனை மட்டும், நிக்கனோர் எங்கே போனாலும் அந்தத் திசைக்குத் திரும்பிக்கொண்டது. அவனைப் பிடிக்கச் சிப்பாய்கள் அதைப் பார்த்துத்தான் கிளம்புவார்கள். அவர்கள் கிளம்புவதைப் பார்த்தே ஊர்க்காரர் யாராவது மலைக்கு ஓடிச் சொல்லிவிடுவார்கள். நிக்கனோரின் மனைவி எர்மெலிந்தா தினமும் காலையில் சோளமாவு அரைத்துவிட்டு வரும் வழியில் நின்று, தோட்டாவைப் பார்ப்பாள். முனை நேற்றைவிடக் கொஞ்சம் நகர்ந்திருந்தால் அவன் உயிரோடு இருக்கிறான் என்று அர்த்தம். அதன் மேல் படிந்த தூசியை முந்தானைச் சால்வையால் துடைத்துவிட்டுப் போவாள். தன் புருஷனைக் கொல்லவேண்டிய தோட்டாவை அவளைப்போல யாரும் கவனித்துக்கொள்ளவில்லை.

அது என்னத்துக்குக் காத்திருக்கிறது என்பது மதுக்கடையில்தான் எங்களுக்கு விளங்கியது. ஒரு நாள் திபூர்சியோ அளவுக்கு மேல் குடித்துவிட்டு மேசையில் தலையை வைத்து அழுதான். "டேய் நிக்கனோரு, நீ ஏன்டா மலைக்குப் போன..." என்றான். வெளியே தோட்டா ஒரு சாண் முன்னால் பாய்ந்தது. கடைக்காரர் அவன் வாயைப் பொத்த, அது நின்றது. அடுத்த மாதம் விடிகாலையில் எர்மெலிந்தாவின் கண்ணெதிரேயே இன்னொரு சாண் போனது. அதே நேரத்தில் மலையில் காய்ச்சல் வேகத்தில் நிக்கனோர் திபூர்சியோவைச் சின்ன வயதுப் பாணியில் கூப்பிட்டுப் பிதற்றியிருக்கிறான். ஆக, இருவரில் யார் வாயில் 'நீ' வந்தாலும் தோட்டா புறப்பட்டுவிடும். அன்றில் இருந்து எங்கள் ஊரில் யாரும் யாரையும் 'நீ' என்று சொல்வதில்லை. காதில் விழுந்து பழகினால்தானே வாயில் வரும்? தாய்மார்கள் பால் குடிக்கும் பிள்ளைகளை 'வாங்க, போங்க' என்றார்கள். கழுதைகளைத் திட்டுவதுகூட, "உங்களுக்கு வெட்கமே கிடையாதா?" என்ற அளவோடு நின்றது.

1929 ஜூனில் ஆயர்களும் அரசாங்கமும் தலைநகரில் சமாதானம் பேசிக் கையெழுத்துப் போட்டார்கள். மணி அடித்தது, கோயில் திறந்தது, தொட்டியைச் சுரண்டிக் கழுவினோம். மலைக்காரர்கள் இறங்கிவந்து ஆயுதத்தை ஒப்படைத்துவிட்டு, உயிருக்கு உத்தரவாதச் சீட்டு வாங்கிக்கொண்டு போனார்கள். நிக்கனோரும் வந்தான். அதன் பிறகுதான் நான் இன்றுவரை ஜீரணிக்க முடியாத விஷயம் நடந்தது. தோட்டா அந்தரத்தில் நின்றது எனக்குப் பெரிதில்லை. இதுதான் பெரிது.

ஆயுதம் வாங்க வந்த அரசாங்கக் கர்னலுக்கு, இறங்கி வந்தவர்கள் உயிரோடு இருப்பது பிடிக்கவில்லை. சமாதானத்துக்குப் பிறகு சுட்டால் பேச்சு வரும். ஆனால் இந்தத் தோட்டா சமாதானத்துக்கு முன்னால் சுட்டது; இது போய்ச் சேர்ந்தால் எந்த ஒப்பந்தமும் மீறப்பட்டதாகாது. மலைக்காரர்களுக்காக நகரத்தில் இருந்து வந்திருந்த வக்கீல் தோன் அபுந்தியோவுக்கு, இந்தச் சமாதானமே பிடிக்கவில்லை. வேதசாட்சியாக ஒருவன் செத்தால் ஜனங்களை மறுபடி கிளப்பலாம் என்று அவர் கணக்குப் போட்டார். மூன்று வருஷமாக ஒருவர் கழுத்தை ஒருவர் அறுத்த இரண்டு கட்சியும் நகரமன்றத்தில் ஒரே மேசையில் உட்கார்ந்து, ஒரே சட்டியில் ஆட்டுக்கறிக் குழம்பைத் தோய்த்துச் சாப்பிட்டுவிட்டு, தோட்டா போய்ச் சேரவேண்டும் என்று முடிவெடுத்தன. இந்த யுத்தத்தில் இரு தரப்பும் மனமொத்த ஒரே விஷயம் அதுதான். பரிமாறப் போன பெண்தான் வெளியே வந்து இதை எங்களிடம் சொன்னாள். அப்படியானால் இத்தனை பேர் எதற்காகச் செத்தார்கள்?

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் இருவரையும் சதுக்கத்தில் பழைய இடத்திலேயே நிறுத்தினார்கள். கர்னல் திபூர்சியோவிடம், ஒரு வார்த்தை சொன்னால் நிலம் உன்னுடையது, சொல்லாவிட்டால் சாயங்காலத்துக்குள் வேறொருவனுடையது என்றார். வக்கீல் நிக்கனோரின் தோளில் கை போட்டுக்கொண்டு, "உயிரோட இருந்து என்ன சாதிக்கப் போறீங்க? அந்த ஒரு எழுத்த நீங்களே சொல்லிட்டா, சொர்க்கத்துல இடம், இயக்கத்துக்கும் உதவி" என்று காதோடு சொன்னார். எர்மெலிந்தா தோட்டாவின் முன்னால் போய் நின்றாள். சிப்பாய்கள் அவளை இழுத்துக்கொண்டு போனார்கள். திபூர்சியோ தன் நிலம் இருந்த பக்கம் ஒரு தடவை பார்த்தான். அந்தப் பார்வையைப் பார்த்து, சொல்லிவிடுவான் என்றே நாங்கள் நினைத்தோம். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"கொம்பாத்ரே, சாப்பிட்டீங்களா?" என்றான் திபூர்சியோ.

"இன்னும் இல்ல கொம்பாத்ரே. நீங்க?"

"நானும் இல்ல. வாங்க, வீட்டுல பீன்ஸ் இருக்கு. ஒத்திலியா உங்களக் கேட்டுக்கிட்டே இருக்கா."

இருவரும் தோட்டாவைச் சுற்றிக்கொண்டு நடந்து போனார்கள். கர்னல் ஆத்திரத்தில், "நீ! நீ!" என்று அதைப் பார்த்துக் கத்தினார். அது அவரை லட்சியம் செய்யவில்லை. சாயங்காலம் நிலம் போனது. அந்த வருஷத்தில் உத்தரவாதச் சீட்டோடு இறங்கி வந்தவர்கள் பக்கத்து ஊர்களில் ஒவ்வொருவராக, உழுதுகொண்டிருந்தபோதும் கிணற்றடியிலும் செத்துக் கிடந்தார்கள். சீட்டு சட்டைப்பையில் அப்படியே இருந்தது. நிக்கனோரை மட்டும் யாரும் தொடவில்லை. ஏற்கெனவே ஒரு அரசாங்கத் தோட்டா அவனுக்காக நிற்கும்போது இன்னொன்றுக்குக் காரணம் காட்ட முடியவில்லை என்று பேசிக்கொண்டார்கள்.

நிலம் போன திபூர்சியோ, நிக்கனோரோடு கழுதை ஓட்டப் போனான். பாதையெல்லாம் நீங்க, வாங்க, பாத்துப் போங்க என்றே இருபது வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது. ஒத்திலியாவுக்குக் கல்யாணம் ஆயிற்று, பேரப்பிள்ளைகள் வந்தார்கள். செத்துப்போன ஜனாதிபதியின் பெயர் சதுக்கத்துக்கும், கொல்லப்பட்ட பாதிரியாரின் பெயர் அதற்கு வரும் தெருவுக்கும் வைக்கப்பட்டன. தமால் என்ற சோளமாவுக் கொழுக்கட்டை விற்கிறவள் தோட்டாவில் பையை மாட்டுவாள். எர்மெலிந்தா இறந்தபின் அதைத் துடைக்க ஒத்திலியா வந்தாள். படுக்கையில் விழுந்த கடைசி வாரத்தில் திபூர்சியோ என்னிடம், ஒரே ஒரு தடவை நிக்கனோரை டேய் என்று கூப்பிட்டுவிட்டுச் செத்தால் போதும், ஆனால் அது முடியாதே என்று சொல்லிச் சிரிக்கப் பார்த்தான்.

1951இல், சோளம் அறுத்து முடித்த பிறகு அவன் இறந்தான். வீட்டில் சவப்பெட்டியைத் திறந்து வைத்திருந்தார்கள். நிக்கனோர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு வந்து, பெட்டியின் ஓரத்தில் நின்றான். பிறகு குனிந்து, நாங்கள் எல்லோரும் கேட்கும்படியே சொன்னான்:

"முந்திக்கிட்டியேடா. நீ இல்லாம நான் யாரோடடா பேசுவேன்?"

யாரோ ஓடிப்போய்க் கதவைச் சாத்தப் பார்த்தார்கள். அதற்குள் தோட்டா சதுக்கத்தில் இருந்து புறப்பட்டு, தெருவைக் கடந்து, வாசல் வழியாக உள்ளே வந்துவிட்டது. நிக்கனோர் விலகவில்லை. வாசலைப் பார்த்துத் திரும்பி, மேல்கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நின்றான். ஒத்திலியா அலறினாள். இத்தனை வருஷம் நின்ற களைப்பு அதற்கும் இருந்திருக்கவேண்டும். வயதான ஆள் கதவைத் தட்டுகிற மாதிரி அவன் கோட்டுப் பொத்தானில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுத் தரையில் விழுந்து உருண்டது. நிக்கனோர் முட்டி பிடித்துக்கொண்டு குனிந்து அதை எடுத்தான், கோட்டில் துடைத்தான், திபூர்சியோவின் சட்டைப்பையில் போட்டுப் பொத்தான் மாட்டினான்.

"உன்னோடதுதான்டா. வச்சுக்க," என்றான்.

அப்படியே புதைத்தோம். சதுக்கத்தில் அந்த இடம் இப்போது வெறும் இடம்தான். ஆனாலும் எங்கள் ஊரில் யாரும் அதன் வழியே நேராக நடப்பதில்லை, கொஞ்சம் சுற்றித்தான் போகிறோம். கழுதைகளும் அப்படித்தான் போகின்றன. அவற்றை நாங்கள் இன்னும் 'வாங்க' என்றுதான் கூப்பிடுகிறோம்.