வெள்ளிக்கிழமை மசியல்

தினமும் நூற்றிருபது பேருக்கு உருளைக்கிழங்கு மசியல் செய்கிற ஒருத்தி, வீட்டில் ஒரே ஒரு மாமியாருக்குச் செய்யும்போது மட்டும் கோட்டை விடுகிறாள் என்றால் யாராவது நம்புவார்களா? அவள் கணவன் நம்பினான். ஆறு மாதமாக அந்த வீட்டில் இந்தக் கூத்துதான் நடந்துகொண்டிருந்தது.

அவள் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சமையலறையில் தலைமைச் சமையல்காரி. கூட வேலை செய்கிறவர்கள் அவளுக்கு வைத்திருந்த பெயர் ‘பெரிய கரண்டி’. அது காதில் விழாத மாதிரியே இருப்பாள். ஆபரேஷன் முடிந்து வாயைத் திறக்க முடியாமல் கிடப்பவர்கள்கூட அவள் மசியலை இன்னொரு கரண்டி கேட்டு வாங்குவார்கள். ஆஸ்பத்திரி மசியல் என்றால் டப்பாவில் வரும் பொடியைக் கொட்டி வெந்நீர் ஊற்றுவது என்று அவள் கணவனுக்கு ஒரு நினைப்பு. அந்த நினைப்பை அவள் திருத்தவே இல்லை. திருத்தினால் காரியம் கெட்டுவிடும்.

கணவன் லிஃப்ட் மெக்கானிக். ஊரிலுள்ள மாடிகளுக்கெல்லாம் லிஃப்ட் பார்க்கிறவன் குடியிருந்த வீடோ மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. பதினான்கு மாதங்களுக்கு முன்னால் அந்தப் படிகளில் கோபமாக இறங்கிப் போனவன், நகரத்தின் அந்தக் கோடியில் ஒரு அச்சாபீஸ் மாடியில் அறை எடுத்துத் தங்கிவிட்டான். சண்டை பெரிதா என்றால் அதுவும் இல்லை. அவளுக்குத் தலைமைச் சமையல்காரி பதவி கிடைத்த அன்று சீக்கிரம் வரச் சொல்லியிருந்தாள். வந்தபோது மணி பத்தரை, கையெல்லாம் கிரீஸ். அவள், “இது வீடா, லாட்ஜா?” என்றாள். அவன், “லாட்ஜ்னா காலி பண்ணிடறேன்” என்றான். காலி பண்ணியும் விட்டான். ரோஷத்தில் இரண்டு பேருக்கும் சளைக்காத போட்டி. தானாகப் போனவர் தானாக வரட்டும் என்று இவள் இருந்தாள். கூப்பிடட்டும், வருகிறேன் என்று அவன் இருந்தான்.

அவன் அம்மா மட்டும் மகனோடு போக மறுத்துவிட்டாள். “நானாடா சண்டை போட்டேன்? நான் எதுக்கு வீட்டை விட்டு வரணும்?” என்று மருமகளோடே தங்கிவிட்டாள்.

ஆறு மாதத்துக்கு முன்னால் அந்த அம்மாவுக்கு மிச்சமிருந்த பற்களையும் டாக்டர் பிடுங்கிவிட்டார். ஈறு ஆறிப் பல்செட் வரும்வரை மெத்தென்ற சாப்பாடுதான். அந்த வாரம் வெள்ளிக்கிழமை, இரண்டு ஷிஃப்ட் சேர்ந்தாற்போல் பார்த்துவிட்டு அலுத்து வந்த மருமகள், வெந்த கிழங்கை அப்படியே மிக்ஸியில் போட்டு ஒரு சுற்று சுற்றிவிட்டாள். உருளைக்கிழங்கை மிக்ஸியில் போடக் கூடாது என்று அவளுக்குத் தெரியாதா? தெரியும். கை ஓய்ந்து போயிருந்தது, அவ்வளவுதான். கிழங்கு பசையாகிக் கரண்டியை விட்டு இறங்க மாட்டேன் என்றது.

மாமியார் மகனுக்குப் போன் போட்டாள். “உன் பொண்டாட்டி ஒரு மசியல் பண்ணியிருக்கா. சுவத்துல போஸ்டர் ஒட்டலாம்டா.”

மறுநாள் காலை அவன் ஒரு பை கிழங்கோடும் ஒரு சல்லடையோடும் வாசலில் நின்றான். கல்யாணமான புதிதில் ஞாயிற்றுக்கிழமைதோறும் அவளுக்கு அவன் செய்து கொடுத்தது இந்த மசியலைத்தான். அவனுக்குத் தெரிந்த ஒரே சமையல். அன்று அம்மாவுக்கு மூன்று நாளைக்கு வருகிற மாதிரி செய்து, ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு, பாத்திரத்தையும் கழுவிக் கவிழ்த்துவிட்டு, “வர்றேன்” என்று போனான். எட்டு மாதத்தில் அவள் அவனைப் பக்கத்தில் பார்த்தது அன்றுதான். அவன் போன பிறகு அடுப்பு மேடையைத் துடைக்கிற சாக்கில் வெகுநேரம் அங்கேயே நின்றுகொண்டிருந்தாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை அவளுக்கு ஷிஃப்டும் இல்லை, அலுப்பும் இல்லை. கிழங்கை எடுத்து மிக்ஸியில் போட்டாள். ஒரு சுற்றுக்கு மூன்று சுற்று விட்டாள். பாலையும் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு ஜில்லென்று ஊற்றினாள். நல்ல சமையல்காரிக்குத்தான் நன்றாகக் கெடுக்கவும் தெரியும். மாமியார் ஒரு வாய் வைத்தாள், மருமகளை ஒரு பார்வை பார்த்தாள், போனை எடுத்தாள்.

அப்படியே ஆறு மாதம் ஓடிவிட்டது. வெள்ளிக்கிழமை அவள் கெடுப்பாள், சனிக்கிழமை அவன் வருவான்.

இப்போது என்ன வந்தது என்றால், வியாழக்கிழமை பல்செட் வந்துவிட்டது. பளபளவென்று, முத்து முத்தாக. அந்தப் பற்களைப் பார்த்ததும் அவள் டப்பாவைப் பட்டென்று மூடினாள். மாமியாருக்குப் பல் வந்துவிட்டால் மசியல் எதற்கு? மசியல் இல்லையென்றால் அவன் எதற்கு?

“ஈறு நல்லா ஆறட்டும் அத்தை. இன்னும் ஒரு வாரம் போகட்டும்” என்று சொல்லி டப்பாவைப் பீரோவின் உச்சியில் வைத்துவிட்டாள். மாமியார், “சரி, நீ சொன்னா சரி” என்றதோடு நிறுத்திக்கொண்டாள். அந்த ‘சரி’யில் ஏதோ இருந்தது, இவள்தான் கவனிக்கவில்லை. ஒரு வாரம்தான் கையில் இருக்கிறது, அதற்குள் அவனிடம் எப்படியாவது சொல்லிவிட வேண்டும் என்பதிலேயே புத்தி போய்விட்டது. ‘வீட்டுக்கு வாங்க’ என்று இரண்டே வார்த்தை. நூற்றிருபது பேர் சாப்பாட்டை அதட்டி உருட்டி நேரத்துக்கு அனுப்புகிறவளுக்கு இந்த இரண்டு வார்த்தை வாயில் வர மாட்டேன் என்கிறதே!

சனிக்கிழமை பதினோரு மணிக்கு அவன் வந்தான். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, பனியனோடு கிழங்கு சீவ உட்கார்ந்தான். இளைத்திருந்தான். காதோரம் நரை கூடியிருந்தது. ஆணியில் தொங்கிய சட்டையில் ஒரு பித்தானை வேறு நிற நூலால், தாறுமாறாக அவனே தைத்திருந்தது தெரிந்தது. ‘கொடுத்தால் நான் தைத்துத் தர மாட்டேனா’ என்று அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வெங்காயம்கூட உரிக்கவில்லை, காரணம் சொல்ல.

“துண்டெல்லாம் ஒரே அளவா இருக்கணும். இல்லேன்னா ஒண்ணு குழையும், ஒண்ணு வேகாது” என்றான். ஒவ்வொரு சனிக்கிழமையும் இதைச் சொல்வான்.

“ம்.”

“பச்சைத் தண்ணியிலதான் போடணும். கொதிக்கிற தண்ணியில போட்டா மேல வெந்துடும், உள்ள கல்லா இருக்கும்.”

“ம்” என்றாள். ஆஸ்பத்திரியில் அவளுக்குக் கீழே வேலை செய்கிறவர்களுக்குத் தினமும் சொல்லிக்கொடுக்கிற அதே பாடம்.

கிழங்கு வெந்ததும் தண்ணீரை வடித்தான். சூடான வெறும் பாத்திரத்திலேயே மறுபடி போட்டு, ஈரம் ஆவியாகப் போகும்வரை குலுக்கினான். பிறகு சல்லடையைக் கவிழ்த்து வைத்து, கரண்டியின் முதுகால் அழுத்தி அழுத்தித் தேய்த்தான். அடியில் வெள்ளை வெளேரென்று பூப்போல இறங்கியது. முதலில் வெண்ணெய். அது உருகிக் கலந்த பிறகுதான் பால்.

“பாலைக் கொதிக்க வெச்சியா?”

“வெச்சேன்.”

“கொஞ்சம் கொஞ்சமா ஊத்து. நான் கிண்டறேன்.”

அவள் ஊற்றினாள், அவன் கிண்டினான். இரண்டு தோளும் ஒட்டுகிற தூரத்தில்தான் இருந்தன. அவன் மேல் அதே மெஷின் எண்ணெய் வாடை. முன்பெல்லாம் அந்த வாடைக்கு எவ்வளவு திட்டியிருக்கிறாள்! இப்போது மூச்சை இழுத்து இழுத்து அதைப் பிடித்து வைத்துக்கொள்ள ஆசையாக இருந்தது. இப்போதே சொல்லிவிடு, சொல்லிவிடு என்று மனசு அடித்துக்கொண்டது. “உப்பு போதுமா?” என்றுதான் வாயில் வந்தது.

அந்த நேரத்தில்தான் பின்னால் ‘கடக்’ என்று ஒரு சத்தம்.

இரண்டு பேரும் திரும்பினார்கள். சமையலறை வாசலில் மாமியார் நின்றிருந்தாள். கையில் பாதி கேரட். வாய் நிறையப் புதுப் பல்.

“பல்லு வந்துடுச்சாம்மா?” என்றான் மகன்.

“வியாழக்கிழமையே வந்தாச்சு. உன் பொண்டாட்டி பீரோ மேல ஏத்தி வெச்சிருந்தா. நாற்காலி போட்டு ஏறி எடுத்தேன். இந்த வயசுல என்னை நாற்காலி மேல ஏற வெச்சுட்டீங்களே, நல்லா இருப்பீங்க ரெண்டு பேரும்!”

அவன் அடுப்பை அணைத்தான். கையைத் துண்டில் துடைத்தான். முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. “அப்ப சரி. இனிமே உனக்கு இதெல்லாம்...” என்று ஆரம்பித்தான், முடிக்கவில்லை. 

“என்னடா சரி?” என்று மாமியார் பிடித்துக்கொண்டாள். “ஆறு மாசமா வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை பசை தின்னேன்டா. நானும் மனுஷிதானே! ஆஸ்பத்திரியில நூத்திருபது பேருக்குப் பொங்கிப் போடறவளுக்கு ஒரு மசியல் வராதா? யாருக்குக் காது குத்தறீங்க?”

மருமகள் அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

“தெரியும்” என்றான் அவன், மெதுவாக.

“என்ன தெரியும்?” என்றாள் அவள்.

“மூணு மாசம் முன்னாடி உங்க ஆஸ்பத்திரி லிஃப்ட் நடுவுல நின்னுடுச்சுன்னு கூப்பிட்டாங்க. சாப்பாட்டு வண்டியோட ஒருத்தர் உள்ள மாட்டிக்கிட்டிருந்தார். வெளியில எடுத்துவிட்ட சந்தோஷத்துல எனக்கு ஒரு தட்டு குடுத்தார். இது பொடியில பண்ணினதானு கேட்டேன். பெரிய கரண்டி காதுல விழுந்தா உங்களை உரிச்சுடுவாங்கன்னார்.”

“தெரிஞ்சும் வந்தீங்களா?”

“வந்தேன்.”

“ஏன் கேக்கலை?”

“கேட்டு, நீ கெடுக்கறதை நிறுத்திட்டா?”

மாமியார் மிச்சக் கேரட்டோடு நழுவினாள். “நான் டிவியைச் சத்தமா வெச்சுக்கறேன். எனக்கு ஒண்ணும் கேக்காது” என்று சொல்லிவிட்டுத்தான் போனாள்.

அவன் சட்டையை எடுத்து மாட்டினான். சல்லடையைக் கழுவிப் பையில் போட்டான். வாசல் வரைக்கும் போய், “வர்றேன்” என்றான். இவ்வளவும் பேசிவிட்டு, அந்த ரோஷக்காரன் மறுபடியும் வர்றேன் என்றான்!

அவளுக்கு வந்ததே கோபம்.

“ஆறு மாசம்! இருபத்தஞ்சு வாரம் நல்ல கிழங்கைப் பாழாக்கினேன். ஒரு சமையல்காரி இதைவிடக் கேவலமா என்னங்க செய்ய முடியும்? இதுக்கு மேல ஒருத்தி எப்படிங்க கூப்பிடுவா?”

அவன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். “லாட்ஜுன்னு சொன்ன வாய் இருக்கில்ல? அதால கூப்பிடு.”

அவ்வளவுதான், உடைந்துவிட்டாள். “வாங்க” என்றாள். “வீட்டுக்கு வாங்க. இங்கேயே இருங்க. பத்தரை மணிக்கு வாங்க, பன்னெண்டு மணிக்கு வாங்க, கிரீஸோட வாங்க. நீங்க இல்லாம எனக்கு முடியலை.”

அவன் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டான். “நாளைக்குப் போய் சாமானை எடுத்துட்டு வந்துடறேன்” என்றான்.

“நாளைக்கா? ஒரு ராத்திரி விட்டா உங்க ரோஷம் முளைச்சுடும். உங்களுது இல்லேன்னா என்னுது. எழுந்திருங்க, நானும் வர்றேன்.” கண்ணைத் துடைத்தபடியே செருப்பை மாட்டினாள். உள்ளே டிவி சத்தம் சட்டென்று குறைந்தது. “போயிட்டு வாங்க, மசியலை நான் பாத்துக்கறேன்” என்று குரல் வந்தது.

அச்சாபீஸ் மாடி அறை ஒரு ஆள் கையை நீட்டினால் இரண்டு சுவரையும் தொடுகிற அளவுதான். ஒரு கட்டில், ஒரு மின்விசிறி, ஒரு டம்ளர். சாமானை மூட்டை கட்ட ஒரு மணி நேரமாவது ஆகும் என்று முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்தவள், எதைக் கட்டுவது என்று தெரியாமல் சுற்றிப் பார்த்தாள். சுவரில் மூன்று அலமாரித் தட்டுகள், மூன்றும் காலி. கட்டிலுக்கு அடியில், வீட்டிலிருந்து எடுத்துப் போன அதே பெட்டி திறந்து கிடந்தது. துணியெல்லாம் அதற்குள்ளேயே மடித்து மடித்து வைத்திருந்தது.

“பதினாலு மாசமா பெட்டியைப் பிரிக்கவே இல்லையா?” என்றாள்.

“நீ எப்ப கூப்பிடுவேன்னு எனக்கு என்ன தெரியும்?” என்றான் அவன்.