பாஞ்சாலை கையில் மைக்

ஆதிமூலம் மரக்காணத்தில் டெண்டு சினிமாக் கொட்டாய் போட்ட வருஷம்தான் ஊருக்கு பேங்கும் வந்தது, கடைத்தெருவுக்கு டியூப் லைட்டும் வந்தது. எழுபத்து நாலு, எழுபத்தைந்து வாக்கில் நடந்த கதை. உப்பு லாரிகள் பெருகப் பெருக ஊரும் பெருத்துக்கொண்டே போனது. நேற்றுவரை முள்ளுக்காடாகக் கிடந்த இடத்தில் இன்றைக்கு ஒரு சைக்கிள் கடை இருக்கும். அதை ஒட்டி ஒரு டெய்லர், எதிரே ஒரு பரோட்டாக் கடை. எது எங்கே வந்திருக்கிறது என்று உள்ளூர்க்காரர்களே விசாரித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

கொட்டாயில் என்ன படம் என்று ஊருக்குச் சொல்ல ஒரு ஒற்றை மாட்டு வண்டி உண்டு. இரண்டு பக்கமும் போஸ்டர் ஒட்டிய தட்டி, மேலே குழாய் ஸ்பீக்கர், உள்ளே பேட்டரியும் மைக்கும். வண்டி ஓட்டுகிறவன் அப்பாவு. மாட்டோடு பேசுகிற அளவுக்குக்கூட மனிதர்களோடு பேசாதவன். மைக்கில் பேச பாண்டிச்சேரியிலிருந்து ஒருவன் வந்து போய்க்கொண்டிருந்தான். ஒரு நாள் அவன் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டான்.

ஆதிமூலம் கொட்டாய் வாசலில் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். அன்றைக்குப் புதுப் படம். அந்த நேரம் பார்த்துத்தான் அப்பாவுவின் மனைவி பாஞ்சாலை உப்பளத்து வேலை முடிந்து, காலெல்லாம் உப்புச் சேறோடு வந்தாள். தூரத்தில் வரும்போதே, "இன்னாய்யா, மாட்டுக்குத் தண்ணி காட்டினியா இல்லையா?" என்று கேட்டாள். தெருக்கோடியில் பீடி பற்றவைத்துக்கொண்டிருந்த யாரோ ஒருவன்கூடத் திரும்பிப் பார்த்தான்.

ஆதிமூலம் முகம் மலர்ந்தது. "ஏம்பா அப்பாவு, அந்தம்மாவை ஏத்து வண்டியில."

அளத்தில் கடற்காற்றுக்கு எதிராகக் கத்திக் கத்திப் பழகிய குரல் அது. ஒரு பாத்திக் கோடியிலிருந்து கூப்பிட்டால் மறு கோடியில் உப்பு வாருகிறவர்கள் நிமிர்வார்கள். ஆனால் மைக்கைக் கையில் கொடுத்ததும் பாஞ்சாலைக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. அஞ்சாம் வகுப்போடு நின்றவள். நோட்டீஸை எழுத்துக் கூட்டிப் படித்தாள். கடைத்தெருவில் ஆம்பளைகள் சிரித்தார்கள். "பொம்பளையை மைக்குல பேச வுட்டாம்பா ஆதிமூலம்!" என்று ஒருத்தன் கை தட்டினான்.

தெற்குத் தெருவுக்கு வண்டி திரும்பியபோது தெருக்குழாயில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு குடம் கிடையாது. பாஞ்சாலை நோட்டீஸை மடியில் போட்டாள்.

"ஏம்மா, வூட்டுக்குள்ள இன்னா பண்றீங்க? குழாயில தண்ணி வந்து வீணாப் போவுது! குடத்தை எடுத்துக்கினு ஓடியாங்க! தண்ணியைப் புடிச்சு வெச்சுட்டு ஆறு மணிக்குக் கொட்டாய்க்கு வாங்க, நல்ல படம், அழுவுற படம்!"

தெருவே குடத்தோடு வெளியே வந்தது. அன்றைக்குக் கொட்டாயில் பெண்கள் பக்கத்துத் தரையில் கால் வைக்க இடமில்லை.

அதன் பிறகு அவளை யாரும் நிறுத்தவில்லை. காலையில் உப்பு வாருவாள், சாயங்காலம் மைக் பிடிப்பாள். ரேஷன் கடையில் மண்ணெண்ணெய் வந்தது, பிரசவம் பார்க்கும் நர்ஸம்மா லீவு முடிந்து திரும்பியது, சந்தையில் யாரோ தவறவிட்ட வெள்ளிக் கொலுசு டெய்லர் கடையில் பத்திரமாக இருப்பது, எல்லாம் படத்தின் பெயருக்கு முன்னும் பின்னும் வந்தன. வண்டி வரும் நேரத்துக்குப் பெண்கள் வாசல் பக்கம் வந்து நின்றார்கள். சிரித்த ஆம்பளைகளும் டீயை ஆறவிட்டுக் காது கொடுத்தார்கள்.  கூட்டம் நிற்கிற இடத்தில் மாடு தானாகவே மெதுவாக நடக்க ஆரம்பித்தது. கயிறு அப்பாவு கையில்தான் இருந்தது.

வம்பு மீன் கூடையில் வந்தது.

கடற்கரைக் குப்பத்துப் பெண்கள் கட்டுமரம் கரை சேர்ந்ததும் மீனைக் கூடையில் அள்ளிக்கொண்டு காலை பஸ்ஸுக்கு ஓடி வருவார்கள். அந்த நேரத்தில் திண்டிவனம் போவது சக்கரபாணியின் 'தையல்நாயகி' பஸ் ஒன்றுதான். தன் தாயாரின் பெயரை வைத்து அவர் விட்ட வண்டி. ஊர் வளர்ந்ததும் பேங்க் ஆபீசர், வாத்தியார், துணிக்கடைக்காரர் என்று சட்டை மடிப்புக் கலையாதவர்கள் ஏற ஆரம்பித்தார்கள். "மீன் நாத்தம் தாங்கலை" என்று யாரோ சொன்னார்கள். மறுநாளே கண்டக்டர் படியில் குறுக்கே கை வைத்துவிட்டான்.

குப்பத்து முத்தம்மாள் அன்றைக்கு உச்சி வெயிலில் உப்பளத்துப் பக்கம் வந்தாள். கூடையில் மீன் கண் வெளுத்துக் கிடந்தது.

"பாரு பாஞ்சாலை. இந்த வண்டி வாங்குன நாள்ல ஏற ஆளு கெடையாது. நாங்கதான் ஏறினோம். எங்க துட்டுல ஓடுன வண்டி. இப்ப எங்களையே கீழ எறக்கி வுட்டுட்டான்" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் பாஞ்சாலைக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

அன்று சாயங்காலம் கடைத்தெரு நடுவில் பாஞ்சாலை வண்டியை நிறுத்தச் சொன்னாள்.

"இன்னிக்குச் சேதி கேளுங்க. தையல்நாயகி பஸ்ஸுல நம்ம குப்பத்துப் பொம்பளைங்களை ஏத்தலை. மீனு வெயில்ல அழுகிப் போச்சு. நம்ம எல்லாரு வூட்டுக் கொழம்புலயும் அந்த மீனுதான் கொதிக்குது. கொழம்புல மணக்குற மீனு பஸ்ஸுல மட்டும் நாறுதாம்!"

டீக்கடையில் சிரிப்பு வெடித்தது. மறுநாளும் ஏற்றவில்லை. மறுநாளும் அவள் சொன்னாள். தினம் படத்தின் பெயரைச் சொல்வதற்கு முன்னால், "இன்னிக்கும் ஏத்தலை" என்று ஒரே வரி. சின்னப் பிள்ளைகள் பஸ்ஸைக் கண்டாலே, "இன்னிக்காவது ஏத்தினியா?" என்று கத்த ஆரம்பித்தார்கள்.

சக்கரபாணி கொட்டாய்க்கே வந்துவிட்டார். ஆதிமூலத்திடம் சத்தம் போடவில்லை. மெதுவாகத்தான் சொன்னார். வெள்ளிக்கிழமை தோறும் திண்டிவனத்திலிருந்து படப்பெட்டி வருவது அவருடைய பஸ்ஸில். "அந்தம்மா வாயை மூடுற வரைக்கும் பெட்டி என் வண்டியில ஏறாது. யோசிச்சுக்க."

அவர் போனதும் ஆதிமூலம் பாஞ்சாலையைக் கூப்பிட்டார். "நீ சொன்னதுல தப்பு இல்லம்மா. ஆனா நாளைக்குப் பெட்டி வரலைன்னா கொட்டாயை நான் இழுத்து மூடணும். படத்தை மட்டும் சொல்லு. போதும்."

பாஞ்சாலை தட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மைக் போய்விடுமே என்பது நெஞ்சில் கல்லாக இறங்கியது. பிடித்துப்போன வேலை. தன் பேச்சுக்கு ஒரு ஊரே காத்திருக்கும் என்று அதற்கு முன்னால் அவள் கனவிலும் நினைத்ததில்லை. அதை விட மனசு வரவில்லை. முத்தம்மாளின் முகத்தையும் மறக்க முடியவில்லை.

"பெட்டி வந்துட்டாப் போதுமா மொதலாளி?"

"வந்துட்டாப் போதும். எப்படி வரும்?"

"நான் வர வைக்கிறேன். பெட்டியைக் குடுத்தனுப்பச் சொல்லிச் சீட்டு மட்டும் எழுதிக் குடுங்க."

அப்பாவு அப்போதுதான் வாயைத் திறந்தான். "பக்கிரி லாரி காலையில லோடு ஏத்துது" என்றான். அவ்வளவுதான்.

பக்கிரி திண்டிவனத்துக்கு உப்பு ஏற்றிப் போகும் லாரி டிரைவர். மறுநாள் விடிந்ததும் பாஞ்சாலை அளத்து மேட்டில் அவனைப் பிடித்தாள். "பக்கிரிண்ணே, வர்றப்ப காலியாத்தானே வர்றே? ஒரு பெட்டி கொண்டாரணும்."

"ஒரு பெட்டிதானே, அதுக்கின்னா?"

"போறப்ப நாலஞ்சு பொம்பளைங்க, கூடையோட."

பக்கிரி தலையைச் சொறிந்தான். "உப்பு மூட்டை மேல மீன் கூடையா? மூட்டை மேல தார்ப்பாய் கெடக்குது. அது மேல வெச்சுக்கச் சொல்லு. வழியில தலையை நீட்டக் கூடாது, சொல்லிட்டேன்."

முத்தம்மாள் ஆதிமூலத்தின் சீட்டை முந்தானையில் முடிந்துகொண்டு, மூட்டைகளின் மேல் ராணி மாதிரி உட்கார்ந்து போனாள். தையல்நாயகி பஸ் பின்னாலேயே ஹாரன் அடித்துக்கொண்டு போனது. பக்கிரி வழி விடவே இல்லை என்று பிற்பாடு சொன்னார்கள்.

சாயங்காலம் பஸ் வந்தது. பெட்டி இல்லை. எதிர்பார்த்ததுதான். லாரியும் வரவில்லை.

கொட்டாய் முன்னால் கூட்டம் நெரிந்தது. பெட்டி வராது என்று ஊருக்கே தெரிந்திருந்தது. அதைப் பார்க்கவே பாதிப் பேர் வந்திருந்தார்கள். எதிர்ப் பரோட்டாக் கடையில் சக்கரபாணி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். இருட்டத் தொடங்கியது. ஆதிமூலம் துண்டால் கழுத்தைத் துடைத்துத் துடைத்துக் கழுத்தே சிவந்துவிட்டது. உள்ளேயிருந்து விசில் கிளம்பியது. "படத்தைப் போடு, இல்ல துட்டைக் குடு!"

பாஞ்சாலை ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். லாரி எங்கே கவிழ்ந்து கிடக்கிறதோ? அந்தப் பெண்களை அவளே அல்லவா ஏற்றி அனுப்பினாள்? அப்பாவு வண்டியிலிருந்து மைக்கை எடுத்து வந்து அவள் கையில் திணித்தான்.

"பேசு."

"இன்னாத்தைப் பேசறது?"

"தெனம் பேசுறதைப் பேசு."

அவள் கொட்டாய் வாசலில் மர முக்காலி ஒன்றின் மேல் ஏறி நின்றாள்.

"எல்லாரும் குந்துங்க! பெட்டி லாரியில வருது. வர்ற வரைக்கும் நம்மூர்ப் படம் ஓட்டலாமா?"

அப்புறம் அவள் பேசினாள் பாருங்கள், அந்த மாதிரி ஒரு பேச்சை அந்த ஊர் கேட்டதில்லை. சைக்கிள் கடைக்காரர் தன் கடைச் சைக்கிளிலேயே பிரேக் இல்லாமல் ஏரியில் இறங்கியதைச் சொன்னாள். டெய்லர் கல்யாண மாப்பிள்ளைக்கு ஒரு கை நீளமாகச் சட்டை தைத்துவிட்டு, "கை கட்டி நில்லு, தெரியாது" என்று சொல்லி அனுப்பியதைச் சொன்னாள். பேங்க் திறந்த அன்று உள்ளே செருப்போடு போகலாமா என்று தெரியாமல் ஊரே வாசலில் செருப்பை விட்டுப் போனதையும், திரும்பி வந்து எது யாருடையது என்று சண்டை போட்டதையும் சொன்னாள். டெய்லரே எழுந்து நின்று கும்பிட்டார். விசில் அடித்தவர்கள் மணலில் உருண்டு சிரித்தார்கள். பரோட்டாக் கடையில் மாவு அடிக்கிறவன் கையை நிறுத்திவிட்டான். சக்கரபாணியின் உதடுகூட ஒரு தடவை சிரிப்பில் கோணியது.

அவள் மூச்சு வாங்க நிறுத்தியபோது திண்டிவனம் ரோட்டில் ஹாரன் கேட்டது. நீளமாக, விடாமல்.

வழியில் பிரம்மதேசம் கிராமத்தில் டயர் பஞ்சராகி நின்றிருந்த லாரி ஒரு வழியாக வந்து சேர்ந்தது. பின்பக்கப் பலகை இறங்கியது. முதலில் காலிக் கூடைகள் வந்தன, பிறகு பெண்கள். கடைசியில் முத்தம்மாள் தலையில் சும்மாடு வைத்து, அதன் மேல் படப்பெட்டியைச் சுமந்துகொண்டு இறங்கினாள். மீன் கூடை சுமக்கிற அதே நடை. ஒரு கையால்கூடப் பெட்டியைப் பிடிக்கவில்லை. கூட்டம் தானாக இரண்டாகப் பிரிந்து வழி விட்டது.

"எல்லா மீனும் வித்துப் போச்சுடி பாஞ்சாலை!" என்று கத்திக்கொண்டே அவள் உள்ளே போனாள்.

பாஞ்சாலை மைக்கில் ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.  அதற்குள் ஊரே கத்தியது. ஆதிமூலம் பெட்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "இன்னிக்கி மீன் நாத்தம் எவனுக்காவது அடிக்குதா?" என்று அவர் கேட்டதற்கு, "இல்லை!" என்று கொட்டாய்த் துணி படபடக்கிற அளவுக்குப் பதில் வந்தது. பரோட்டாக் கடையில் நாற்காலி காலியாக இருந்தது.

அடுத்த வாரம் முழுக்கக் குப்பத்துப் பெண்கள் உப்பு லாரிகளில்தான் போனார்கள். தெற்குத் தெருப் பெண்களும், "அவங்களை ஏத்தாத வண்டியில நாங்க ஏற மாட்டோம்" என்று சொல்லிவிட்டார்கள். தையல்நாயகி பஸ் காலி சீட்டுகளைச் சுமந்துகொண்டு போய் வந்தது.

ஒரு சாயங்காலம் சக்கரபாணி விளம்பர வண்டியை மறித்தார். இந்தத் தடவை ஆதிமூலத்தைத் தேடவில்லை. நேராகப் பாஞ்சாலையிடம் வந்தார்.

"ஏம்மா, நாளையிலேருந்து அவங்களை ஏத்திக்கிறேன். மைக்குல சொல்லிடு."

"மொதல்ல ஏத்துங்க மொதலாளி. அப்பறம் சொல்றேன்."

அவருக்குக் கோபம் வந்த மாதிரித்தான் இருந்தது. பிறகு என்ன தோன்றியதோ, தலையை ஆட்டிக்கொண்டே போய்விட்டார்.

மறுநாள் காலை பஸ் கூரை மேல் கூடைகளுக்கென்று தகரத் தட்டு ஒன்று அடித்திருந்தது. தண்ணீர் சொட்டாமல் விளிம்பு மடக்கிய தட்டு. கண்டக்டரே மேலே ஏறிக் கூடைகளை வாங்கி வைத்தான். பாஞ்சாலை அளத்துக்குப் போகாமல் பார்க்க வந்திருந்தாள். முத்தம்மாள் படியேறி, டிரைவருக்குப் பின்னால் ஜன்னல் ஓர சீட்டில் உட்கார்ந்தாள். பக்கத்தில் பேங்க் ஆபீசர். அவர் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார். அவளும் அந்த இடத்தை விடாமல் நன்றாகவே பரந்து உட்கார்ந்துகொண்டாள்.

அன்று சாயங்காலம் அப்பாவு மாட்டுக் கொம்பில் கதம்பம் சுற்றியிருந்தான். ஏன் என்று பாஞ்சாலை கேட்டாள். அவன் மைக்கை எடுத்து நீட்டினான். வண்டி கடைத்தெருவுக்குள் நுழைந்தபோது கடை வாசல்களிலெல்லாம் ஆட்கள் எழுந்து நின்றுகொண்டிருந்தார்கள். பாஞ்சாலை தொண்டையைச் செருமினாள்.

"இன்னிக்கு ஏத்திட்டாங்க!" என்றாள்.

அந்தக் கூச்சலில் அன்றைக்கு என்ன படம் என்று யார் காதிலும் விழவில்லை.