ரோடு ரோலர் படத்தின் முடிவு

பாப்பா முழங்கால் போட்டு உட்கார்ந்து, ஆக்சிஜன் மெஷினுக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த இடுக்கில் தலையை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து அண்ணியின் குரல் கேட்டது.

"என்னம்மா தேடறே?"

"தோடு கழண்டு விழுந்துடுச்சு அண்ணி."

"ரெண்டும் காதுலதானே இருக்கு."

பாப்பா காதைத் தொட்டுப் பார்த்து, "அட, ஆமா" என்று அசடு வழிந்தாள். அண்ணி அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. வந்தவர்கள் குடித்துவிட்டு வைத்த டம்ளர்களை அடுக்கிக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டாள். வேறு யாராவதாக இருந்தால், என் வீட்டில் வந்து என்ன துப்பறிகிறாய் என்று ஒரு வார்த்தை கேட்டிருப்பார்கள். கேட்காமல் போனதுதான் பாப்பாவுக்கு உறுத்தியது.

அப்பாவைக் காலையில்தான் அடக்கம் செய்துவிட்டு வந்திருந்தார்கள். கூட்டம் கலைந்துவிட்டது. அண்ணன் வாசலில் நின்று, மெஷினை வாடகைக்குக் கொடுத்த கம்பெனியோடு போனில் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். "உங்க மெஷின்தான்யா எங்கப்பாவைக் கொன்னுடுச்சு. ஆளை அனுப்புறியா, நான் அங்க வரட்டுமா?"

பாப்பா என்று கூப்பிடுகிறார்களே தவிர, அவளுக்கு வயது நாற்பதுக்கு மேல். இன்சூரன்ஸ் ஆபீசில் கிளெய்ம் பார்க்கிற வேலை. காரைத் தானே சுவரில் மோதிவிட்டு நாய் குறுக்கே வந்தது என்பவன், கடையைத் தானே கொளுத்திவிட்டு ஒயர் கருகியது என்பவன் என்று இப்படிப்பட்டவர்களையே பார்த்துப் பார்த்து, யார் வாயைத் திறந்தாலும் இவன் எதை மறைக்கிறான் என்றுதான் அவளுக்கு முதலில் தோன்றும். "ஆபீஸ் மூஞ்சியைக் கழட்டி வச்சுட்டு உள்ள வா" என்று வீட்டுக்காரர் கிண்டல் செய்வார். இன்றைக்கு அதைக் கழற்ற முடியவில்லை. செத்தது அப்பா ஆயிற்றே.

நேற்று மத்தியானம் அண்ணி போன் செய்து சொன்னது இவ்வளவுதான். "மெஷின் ஓடாம இருந்துச்சும்மா. மாமா போயிட்டாரு." வேலையிலிருந்து ஓடிவந்த அண்ணன், கரண்ட் போயிருக்கும், மெஷின் நின்றிருக்கும் என்று அவனாகவே முடிவு கட்டி ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டான். அண்ணி ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அழவும் இல்லை. டம்ளர் கழுவினாள், வந்தவர்களுக்குப் பாய் போட்டாள், மறுபடி டம்ளர் கழுவினாள்.

ஆனால் கரண்ட் போகவே இல்லை. மாடி வீட்டம்மா துக்கம் கேட்க வந்தபோது பாப்பா பேச்சோடு பேச்சாகக் கேட்டுவிட்டாள். "இல்லையே, நான் வாஷிங் மெஷின் போட்டுட்டுல்ல உக்காந்திருந்தேன்" என்றாள் அந்தம்மா. கரண்ட் போனால் இந்த ஆக்சிஜன் மெஷின் தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி அலறும். அந்த அலறலும் அவள் காதில் விழவில்லை. "ஒரு பொம்பள வீல்னு கத்துனது மட்டும் கேட்டுச்சு. படம் ஓடுதுன்னு விட்டுட்டேன். உங்கப்பாவுக்குத்தான் எப்பப் பாரு அந்தக் கொலைகார மெஷின் படந்தானே."

மெஷினின் சுவிட்ச் பின்பக்கம், சுவரை ஒட்டி இருப்பதைப் பாப்பா இப்போது பார்த்துவிட்டாள். நாற்காலியில் சாய்ந்திருக்கிறவருக்கு அது எட்டாது. எழுந்து வந்து குனிந்து அணைக்க அப்பாவுக்குத் தெம்பு ஏது? கக்கூசுக்குப் போய் வந்தாலே இரைக்கும். அப்படியானால் அணைத்தது வேறு கை. அந்த நேரத்தில் வீட்டில் இருந்தது அண்ணி ஒருத்திதான்.

பாப்பா அப்பாவின் நாற்காலிக்கு எதிரே தரையில் உட்கார்ந்துகொண்டாள். வருஷக்கணக்கில் குளிப்பாட்டி, சளி துடைத்து, ஊட்டிவிட்டுக்கொண்டிருந்தால் யாருக்குத்தான் அலுக்காது? தானோ எப்போதாவது ஒரு ஆப்பிள் பையோடு வந்து, அரைமணி நேரம் உட்கார்ந்து, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிடுகிறவள். அலுத்துப்போன ஒரு நிமிஷத்தில், போய்த்தொலையட்டும் என்று ஒரு கை சுவிட்சைத் தொட்டிருந்தால்? அண்ணனிடம் எப்படிச் சொல்வது? சொன்னால் இந்தக் குடும்பம் என்ன ஆகும்? சொல்லாமல் எப்படி இருப்பது?

அப்பா நூல் மில்லில் ஃபிட்டராக இருந்தவர். பஞ்சுத் தூசி நுரையீரலைத் தின்றது. ஒரு மெஷின் வலது கை ஆள்காட்டி விரலில் பாதியைத் தின்றது. மில்லை விட்டு வந்து வீட்டில் உட்கார்ந்த பிறகும் அவருக்கு மெஷின் சகவாசம் போகவில்லை. ஆளைத் துரத்திப் பிடிக்கிற கிரேன், உள்ளே போனவனைத் திருப்பித் தராத லிஃப்ட், இருட்டில் தானாக ஓடித் தைக்கிற தையல் மெஷின் என்று பழைய காலத்துப் படங்களாகத் தேடித் தேடிப் பார்ப்பார். கலர் வெளுத்த படங்கள். ரத்தம் என்றால் தக்காளி என்று பார்த்தவுடனே தெரியும். அவருக்கு ரொம்பப் பிடித்தது ஒரு ரோடு ரோலர் படம். டிரைவர் இல்லாத ரோடு ரோலர் ஒன்று, ரோடு போட்ட கான்டிராக்டரை ஊர் ஊராகத் துரத்தும்.

"ரோடு ரோலர்தானேப்பா, நடந்தே தப்பிச்சுடலாமே" என்று பாப்பா ஒரு தடவை சிரித்தாள்.

"நடக்கலாம். ஆனா தூங்கணுமே. அது தூங்காதுல்ல?"

"இந்தக் கண்றாவியில அப்படி என்னதான் இருக்கு?"

அப்பா பாதி விரலைத் தூக்கிக் காட்டினார். "இது போனப்ப மேனேஜர் என்ன சொன்னான் தெரியுமா? தொழிலாளியோட கவனக்குறைவுன்னான். மில்லுல எவனுக்கு எது போனாலும் அதேதான். மெஷின் பத்தினி, அது தப்பே பண்ணாது. இந்தப் படத்துல பாரு, முதல்ல ஒருத்தனும் நம்ப மாட்டான். போலீஸ்காரன் சிரிப்பான், டாக்டர் சிரிப்பான். போகப்போக அத்தனை பேரும் வாயைத் திறந்து சொல்லுவானுங்க, மெஷின்தான்டா பண்ணுச்சுன்னு. அதைக் கேக்கறதுக்கே எத்தனை தடவை வேணா பார்க்கலாம்." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி சொன்னார். "அதோட இன்னொண்ணு. மனுஷன் மேல சந்தேகம் வந்தா சோறு இறங்காது. மெஷின் மேல சந்தேகம் வந்தா முறுக்கு இறங்கும்."

பாப்பாவுக்கு நேற்றிலிருந்து ஒரு வாய் இறங்கவில்லை.

அவள் எழுந்து சமையலறைக்குப் போனாள். அண்ணி கழுவிய டம்ளரையே திரும்பக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, நேத்து என்னதான் நடந்துச்சு?"

அண்ணி குழாயை மூடினாள். திரும்பிப் பார்த்தாள். வாயெடுத்தாள். அதற்குள் கூடத்தில் அண்ணனின் சத்தம் வீட்டையே தூக்கியது.

கம்பெனியிலிருந்து மெஷின்காரர் வந்திருந்தார். தோளில் ஒரு பை, முகமெல்லாம் வியர்வை. அண்ணனின் திட்டை வாங்கிக்கொண்டே அவர் மெஷினைத் தட்டி, திறந்து, ஊதி, சுவிட்சைப் போட்டார். மெஷின் டபக்கென்று இடித்து, புஸ்ஸென்று மூச்சு விட்டு, வழக்கம்போல ஓட ஆரம்பித்தது.

"நல்லாத்தான் சார் இருக்கு."

"அப்ப நேத்து ஏன் நின்னுச்சு?"

"கரண்ட் போயிருந்தா அலாரம் அடிச்சிருக்கும் சார். உள்ள ஏதாவது ரிப்பேர்னாலும் அடிக்கும். சத்தம் போடாம நிக்கணும்னா ஒரே வழிதான். யாராவது சுவிட்சை அணைச்சிருக்கணும்."

"எங்க வீட்டுல யாருய்யா அணைப்பாங்க? ஓட்டை மெஷினைக் குடுத்துட்டுக் கதையா விடறே?" அண்ணன் அவர் சட்டைக் காலரைக் கொத்தாகப் பிடித்தான். "நட போலீசுக்கு."

"சார், புள்ளகுட்டிக்காரன் சார் நான்."

பாப்பா சமையலறைக் கதவு நிலையில் கையை ஊன்றி நின்றாள். அப்பாவேதான் அணைத்தார் என்று ஒரு பொய் சொன்னால் போதும், எல்லாம் அடங்கிவிடும். அந்தப் பொய் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் அதுவும் கவனக்குறைவு என்று மேனேஜர் சொன்ன மாதிரிதானே ஆகும்? செத்த பிறகும் அப்பாவின் தலையிலேயே கட்டுவதா? அவளால் சொல்ல முடியவில்லை.

"அவரை விடுங்க" என்றாள் அண்ணி. ஈரக் கையோடு வந்து நின்றாள். "நான்தான் அணைச்சேன்."

அண்ணனின் கை காலரிலேயே நின்றது. "என்னடி சொல்றே?"

"மெஷின் சத்தத்துல படம் கேக்காதுங்க. பயமே சத்தமில்லாத இடத்துலதான் இருக்குன்னு மாமா சொல்லுவாரு. நீங்க வாங்கிக் குடுத்த ஹெட்போனைத்தான் தூக்கிப் போட்டுட்டாரே. நல்ல கட்டம் வந்தா விரலைத் தூக்குவாரு. நான் போய் அணைப்பேன். குளிக்கிறப்ப கொஞ்ச நேரம் கழட்டலாம்னு டாக்டரே சொல்லியிருக்காரு, இதுவும் அப்படித்தான்னு சொல்லுவாரு. ரொம்ப நாளா இப்படித்தான் நடக்குது."

"அடிப்பாவி. கூடவே உக்காந்து நீயும் படம் பார்த்துட்டு இருந்திருக்கே. அவருக்கு மூச்சு நின்னது உனக்குத் தெரியல?"

பாப்பா முன்னால் வந்தாள். ஆபீஸ் புத்தி சும்மா இருக்குமா? சம்பவ இடத்தில் இருந்தேன் என்பவனிடம் அங்கே கிடந்த ஏதாவது ஒரு சின்ன விஷயத்தைக் கேட்க வேண்டும், பொய்யென்றால் அங்கேதான் சறுக்குவான்.

"நேத்து என்ன படம் அண்ணி?"

"ரோடு ரோலர் படம்."

"கடைசில என்ன ஆகும்?"

அண்ணி அவளை நிமிர்ந்து பார்த்தாள். "தெரியாதும்மா."

அண்ணி அகப்பட்டுக்கொண்டாள் என்று பாப்பா நினைத்தாள். "அதை அப்பா எத்தனை தடவை போட்டிருப்பாரு. பக்கத்துலயேதானே உக்காந்திருந்தீங்க. கடைசி தெரியாதா?"

"ஒரு தடவைகூடப் பார்த்ததில்லம்மா. அணைச்சதுக்கப்புறம் நான் எங்க படத்தைப் பார்க்கறது? மாமா உதட்டையேதான் பார்த்துட்டு இருப்பேன். துளி நிறம் மாறுனாலும் போட்டுடுவேன். 'கெடுத்துட்டியே, கெடுத்துட்டியே'ம்பாரு. எந்தப் படத்துக்கும் முடிவு என்னன்னு எனக்குத் தெரியாது." ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். "நேத்து நிறமே மாறலம்மா. சிரிச்சுட்டுத்தான் இருந்தாரு. அப்படியே தலை சாஞ்சுடுச்சு. உடனே போட்டேன். மெஷின் பாட்டுக்கு ஓடுது. அவருதான்..."

"இதை நேத்தே ஏன் சொல்லல?"

"சொல்லத்தான் நெனச்சேன். இவரு வந்து மெஷின்தான் கொன்னுடுச்சுன்னாரு. எல்லாரும் அதையே சொன்னாங்க. மாமா கேட்டிருந்தா குஷியாயிருப்பாரேன்னு தோணுச்சு. வாயை மூடிக்கிட்டேன். பயமும்தான்."

அண்ணன் தங்கையின் பக்கம் திரும்பினான். அவன் கண் கெஞ்சியது. "நீதான் பொய்யைப் பிடிக்கிறவளாச்சே பாப்பா. நீ சொல்லு. இவ சொல்றது நெசமா?"

ரோடு ரோலர் படத்தின் முடிவு பாப்பாவுக்குத் தெரியும். கதையை அப்பா போனில் சொல்லாத மாதம் கிடையாது. கடைசிக் கட்டத்தில் கான்டிராக்டரும் ஒரு கிழட்டு வாட்ச்மேனும்தான் மிச்சம். படம் முழுக்கப் பெண் வாடையே கிடையாது. அப்படியானால் மாடி வீட்டம்மா கேட்ட அலறல் படத்தில் வந்ததல்ல. இந்த அழாத மனுஷி போட்டது. ஒரே ஒரு அலறல், அதையும் அக்கம்பக்கத்தில் படம் என்று நினைத்து விட்டுவிட்டார்கள்.

"நெசந்தாண்ணா" என்றாள் பாப்பா. இத்தனை வருஷத்தில் அப்பா தன்னைப் பார்த்து, மெஷினை அணை என்று ஒரு நாளும் அந்த விரலைத் தூக்கவில்லையே என்று அவளுக்குப் பொறாமையாக இருந்தது. அதை நினைக்க வெட்கமாகவும் இருந்தது.

அண்ணன் காலரை விட்டான். கசங்கின சட்டையை அவனே நீவிவிட்டான். பிறகு அப்படியே சுவரோடு சரிந்து உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டான்.

எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நின்ற மெஷின்காரர், எடுத்துக்கொண்டு கிளம்பிவிடலாம் என்று குனிந்து பின்பக்கம் கையை விட்டு சுவிட்சை அணைத்தார். கூடத்தில் சத்தம் நின்றது.

அண்ணியின் தலை சட்டென்று நாற்காலிப் பக்கம் திரும்பியது. மாமாவின் முகம் இருக்கும் உயரத்தையே, வெறும் சாய்மானத்தையே, கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் மூச்சு விடவில்லை.

பாப்பா முழங்கால் போட்டு, இடுக்கில் கையை நுழைத்து, மெஷினை மறுபடியும் போட்டாள்.

மெஷின்காரர் பையைக் கீழே வைத்துவிட்டு, கதவோரமாகப் போய்க் காத்துக்கொண்டு நின்றார்.