பாட்டு நின்றபோது

இதய அடைப்பை நீக்கும் கேத் லேப் கதவுக்கு வெளியே போடப்பட்டிருந்த நாற்காலிகளில் செவிலி இதற்கு முன் உட்கார்ந்ததில்லை. கதவுக்கு உள்ளே அவள் தலைமைச் செவிலி. இன்று மேசையில் படுத்திருப்பவர் அவள் கணவர். ஆகவே விதிப்படி அவளுக்கு வெளியேதான் இடம். விதியை எழுதியவர்களுள் அவளும் ஒருத்தி.

பக்கத்தில் நாத்தனார் உட்கார்ந்திருந்தாள்.

"நீங்களே இப்படி மூஞ்சியத் தொங்கப்போட்டா நான் என்ன அண்ணி பண்றது? கைல ஒரு ஓட்டை, ஒரு கம்பி, ஒரு ஸ்பிரிங்கு, அவ்வளவுதான்னு நேத்து சொன்னீங்களே?"

"ஸ்பிரிங் இல்ல, ஸ்டென்ட்."

"ஏதோ ஒண்ணு. அண்ணன் ஓட்டுற பஸ்ஸுக்கு மாத்தாத ஸ்பிரிங்கா?"

செவிலி சிரிக்க முயன்றாள். நேற்றுச் சொன்னது பொய்யன்று. மணிக்கட்டு வழியாக மெல்லிய கம்பியை இதயக் குழாய் வரை செலுத்தி, அடைப்பில் பலூனை ஊதி, அங்கே ஸ்டென்டை விரித்து வைப்பார்கள். நோயாளிக்குக் கை மட்டுமே மரத்திருக்கும். நினைவு தெளிவாக இருக்கும். அதனால் அவர் பயத்தைத் தணிக்க உள்ளே பழைய பாட்டுகள் ஒலிக்கும். பாட்டுக்குப் பொறுப்பான டெக்னீஷியனுக்கு 'ரேடியோ' என்றே பெயர் நிலைத்துவிட்டது. ஏதேனும் கைமீறினால் மருத்துவர் வாய் திறக்கமாட்டார். தலையை மட்டும் அசைப்பார். ரேடியோ பாட்டை நிறுத்துவான். அறையிலுள்ள அனைவருக்கும் அது புரியும், நோயாளியைத் தவிர.

அவருக்குப் புரியக்கூடாது என்பதே அவ்வழக்கத்தின் பயன். அதை அவள் ஒருமுறை சாப்பிடும்போது கணவரிடம் வேடிக்கையாகச் சொல்லியிருந்தாள்.

"அப்ப எனக்கு வந்தா நான் காதைத் தீட்டிக்கிட்டுப் படுத்திருக்கணும்."

"உங்களுக்கு ஏன் வரப்போகுது? நீங்க அடிக்கிற ஹாரனுக்கு எந்த அடைப்பும் தானா வழிவிட்டுடும்."

கனத்த கதவானாலும் பாட்டு மெலிதாகக் கசிந்தது. நாத்தனார் அதனோடு சேர்ந்து முணுமுணுத்தாள். சரணத்தின் நடுவில் பாட்டு நின்றது. நாத்தனாரின் முணுமுணுப்பு நிற்கவில்லை.

செவிலியின் மனம் பழக்கப்படி வேலை செய்தது. குழாயின் சுவர் கிழிந்திருக்கலாம். ரத்தம் ஓடாமல் நின்றிருக்கலாம். துடிப்பு தடுமாறியிருக்கலாம். எதற்கு எந்த மருந்தை எடுத்து நீட்டவேண்டும் என்பது அவள் கைகளுக்குத் தெரியும்; அக்கைகள் மடியில் கைப்பையைப் பிடித்திருந்தன. அதைவிடக் கொடியது ஒன்று இருந்தது. அந்த நிறுத்தத்தின் பொருள் கணவருக்கும் தெரியும். அசையக்கூடாதென்று சொல்லப்பட்டு, விழித்துப் படுத்தபடி, அவர் அந்த மௌனத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

எழுந்து சென்று சுவரிலிருந்த இன்டர்காமை எடுத்தாள்.

"அக்கா, இப்ப வேணாங்க்கா." ரேடியோவின் குரல் தணிந்திருந்தது.

"நான் ஒண்ணும் கேக்கல. பாட்டைப் போடு."

"டாக்டர்தான்..."

"நின்னா என்ன அர்த்தம்னு அவருக்குத் தெரியும்டா. நான்தான் சொல்லித் தொலைச்சிருக்கேன். போடு. என்ன ஆனாலும் நிறுத்தாத."

ரேடியோ இன்டர்காமை வைத்துவிட்டான்.

அவள் நாற்காலிக்குத் திரும்புவதற்குள் பாட்டு வந்துவிட்டது, விட்ட இடத்திலிருந்து. நாத்தனார் இரண்டு வரி முன்னே போயிருந்தாள்.

"என்ன அண்ணி, பாட்டுப் போடுறவரு என்னைவிட மெதுவா இருக்காரு? உள்ள என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல."

"பாட்டெல்லாம் போட்டுக்கிட்டு ஜாலியா இருக்காங்க. அப்ப நல்லாத்தானே போகுது?"

கதவைத் தாண்டிச் செவிலியிடம் வரக்கூடிய செய்தி பாட்டு ஒன்றுதான். ஒலித்தால் நலம், நின்றால் ஆபத்து. இனி அது நலத்திலும் ஒலிக்கும், ஆபத்திலும் ஒலிக்கும். எல்லாம் முடிந்துபோனாலும் ஒலிக்கும். அவள் சொல்லை மீறாதவன் ரேடியோ.

அந்தப் பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கியது. அவள் கதவருகே போய் நின்று, பாட்டுக்கு அடியில் ஏதாவது கேட்கிறதா என்று காது கொடுத்தாள். வயலின்கள் கேட்டன.

"இதுவும் நல்ல பாட்டு அண்ணி," என்றாள் நாத்தனார்.