மாமாவைச் சுமந்த சிப்புகள்

“ஏம்மா, சோபாவுக்கு நாலு கால் இருக்கே, எப்பவாவது அது நடந்து பார்த்திருக்கியா?”

மாமா அக்கா மகளிடம் ஒரு முறை கேட்டார். கொஞ்சம் எழுந்து இடம் விடச் சொன்னதற்கு அதுதான் பதில்.

இரண்டு நாள் தங்க வந்த அம்மாவின் தம்பி, வருஷக்கணக்காகக் கூடத்துச் சோபாவில் அட்டையாய் ஒட்டிக்கொண்டிருந்தார். ரேடியோ பழுது பார்க்கும் அவளுக்கு மேசை போட வேறு இடமில்லை. மடியில் வைத்து வேலை செய்தாள்.

“இது என்னிக்கு நடக்குதோ, அன்னிக்கு இதோடயே கிளம்பிடறேன்” என்றார் மாமா, அம்மாவைச் சாட்சி வைத்து.

அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்ட பெண், சோபாவுக்கு அடியில் சக்கரங்களும் ஒரு மோட்டாரும் பொருத்தினாள். பேட்டரியிலிருந்து மோட்டாருக்கு மின்சாரத்தை அளந்து விடும் சிப்பைக் கைப்பிடிமேல் வைத்தாள். சுவிட்சைத் தட்டியதும் சோபா முனகியது. சிப் கொதித்துப்போய்ப் படுத்துவிட்டது.

“என் எடைக்கு இந்தப் பொடிப்பயல் ஒருத்தனா? துணைக்கு ஆள் போடும்மா.”

போட்டாள். ஒரு சிப்பின் முதுகில் இன்னொன்றை ஏற்றி, கம்பிக் காலோடு கம்பிக் காலை ஈயத்தால் பற்றவைத்தாள். சுமையைப் பங்கிட்டுக்கொள்ளட்டும் என்று மூன்றாவது, நான்காவது என மாடி எழும்பியது. ஆனாலும் அடியில் இருந்தது மட்டும் சுட்டது.

“நம்ம குடும்பம் மாதிரியே இருக்குடி” என்றாள் அம்மா. “எல்லாம் ஒருத்தர் தலையில.”

சூடும் பரவட்டும் என்று இடையிடையே செப்புத் தகடு செருகினாள். மாமாவுக்கு ஆர்வம் தாங்கவில்லை. தன்னைக் கிளப்பத்தான் இத்தனையும் என்பதையே மறந்து, விசிறியால் சிப்புகளுக்குக் காற்று வீசினார்.

“இப்ப தட்டு.”

தட்டினாள். சோபா சிணுங்காமல் நகர்ந்தது. திறந்திருந்த கதவைத் தாண்டி, அவள் சாய்த்து வைத்திருந்த பலகையில் இறங்கித் தெருவுக்கு வந்தது.

“போதும், நிறுத்துடி” என்றாள் அம்மா.

சுவிட்சை அணைத்தாள். நிற்கவில்லை. திரும்பத் திரும்ப அழுத்தினாள்.

“சிப்புல, நிறுத்தச் சொன்னா கேக்குற கால் ஒண்ணு உண்டும்மா. அவசரத்துல அதையும் பேட்டரிக் காலோட சேத்துப் பத்த வச்சிட்டேன்.”

“டேய், குதிச்சிடுடா” என்று கத்தினாள் அம்மா.

நடக்கிற வேகம்தான், குழந்தைகூட இறங்கிவிடலாம். மாமா அக்காவைப் பார்த்தார், காலியான கூடத்தைப் பார்த்தார். பிறகு கால்களைத் தூக்கிச் சோபாமேல் மடக்கிக்கொண்டார். அடிச் சிப் சூடேறிப் படுத்துவிடாதபடி, குனிந்து விசிறிக்கொண்டே போய்விட்டார்.