எருமை சொன்ன வரி

காரிமங்கலம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருக்கும் மாதவராஜின் கம்ப்யூட்டர் சென்டரில் இரண்டு பேர் வேலை செய்தார்கள். கலைமதி கடை திறந்த நாளிலிருந்து இருப்பவள். தஸ்லீம் தைப் பொங்கலுக்குப் பிறகு வந்தவள். சந்தை நாளன்று கூட்டம் முழுக்கத் தஸ்லீமின் மேசை முன்னால் நின்றது. கலைமதியின் எதிரில் இருந்த நாற்காலி காலியாகக் கிடந்தது.

"பெரியவரே, இங்க வாங்க. நான் போட்டுத் தரேன்" என்று கலைமதி காளியப்பனைக் கூப்பிட்டாள். பட்டா நகல் எடுக்க வந்திருந்தார்.

"இருக்கட்டும் கண்ணு. இந்தப் பாப்பாகிட்டயே பாத்துக்கறேன். அந்த எருமைய ஒருக்கா பாக்கோணும்."

எருமை என்றது தஸ்லீமின் கம்ப்யூட்டரில் வரும் ஸ்கிரீன் சேவரை. சர்வர் மெதுவாகி, மவுஸைத் தொடாமல் சற்று நேரம் உட்கார்ந்திருந்தால் திரை கறுத்துவிடும். வலது ஓரத்திலிருந்து ஒரு கொழுத்த எருமை ஆடி அசைந்து வரும். பார்ப்பவர்களை ஒருமுறை முறைத்துவிட்டு, கொட்டாவி விட்டு, திரையின் நடுவில் தொப்பென்று படுத்துக்கொள்ளும். அதன் முதுகில் ஒரு காக்கை வந்து உட்காரும். எருமையின் வாயிலிருந்து ஒரு குமிழி கிளம்பும். அதில் 'கொஞ்சம் பொறுங்க' என்று எழுதியிருக்கும். மவுஸை அசைத்தால் எருமை அலறிப் புடைத்துக்கொண்டு ஓடும். காக்கை தடுமாறி விழும். அந்த இடத்தில் எல்லோரும் சிரிப்பார்கள். முன்பெல்லாம் சர்வர் வரவில்லை என்றால் சண்டைக்கு வந்தவர்கள், இப்போது எருமை வரவேண்டும் என்பதற்காகவே காத்திருந்தார்கள்.

கலைமதி தவறில்லாமல் அடிப்பாள். அவள் அடித்த விண்ணப்பம் திரும்பி வந்ததில்லை. தஸ்லீம் இனிஷியலையே மாற்றிப் போட்டுவிடுவாள். அதைக் கலைமதிதான் உட்கார்ந்து திருத்துவாள். ஆனால் போகும்போது எல்லோரும் தஸ்லீமிடம்தான் "வரேன் பாப்பா" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் கலைமதிக்கு நெஞ்சுக்குள் மிளகாய் அரைத்த மாதிரி இருக்கும்.

"உங்க சிஸ்டத்துலயும் போட்டுத் தரட்டுங்களாக்கா?" என்று தஸ்லீம் முதல் நாளே கேட்டாள். "டவுன்லோட் பண்ணி வெச்சிருக்கேன். ரைட் கிளிக் பண்ணி இன்ஸ்டால் குடுத்தாப் போதும். வேகம், காக்கா, பேசற வரி எல்லாத்தையும் நம்மளே மாத்திக்கலாம்."

"எனக்கு வேல இருக்குது தஸ்லீம்" என்றாள் கலைமதி. ஆனால் தஸ்லீம் எந்த இடத்தில் என்ன அமுக்குகிறாள் என்பதை ஓரக்கண்ணால் முழுவதும் பார்த்து வைத்துக்கொண்டாள்.

அன்று மதியம் காளியப்பன் போகும்போது, "அந்தப் பொண்ணு சிரிச்ச மொவம். இது எப்பவும் உம்முனு இருக்குது" என்று வாசலில் யாரிடமோ சொன்னது கலைமதியின் காதில் விழுந்தது. தஸ்லீம் சாப்பிட வீட்டுக்குப் போயிருந்தாள். மாதவராஜ் வழக்கம்போல உள்ளே பிளைவுட் தடுப்புக்குப் பின்னால் படுத்திருந்தார். அவருடைய குறட்டை கடை வரைக்கும் கேட்டது.

கலைமதி டிபன் பாக்ஸைத் திறக்கவில்லை. எழுந்து போய்த் தஸ்லீமின் நாற்காலியில் உட்கார்ந்தாள். செட்டிங்ஸைத் திறந்தாள். பேசும் வரி என்ற கட்டத்தில் இருந்ததை அழித்தாள். யோசிக்கவே தேவைப்படவில்லை. விரல் தானாக ஓடியது.

'முதலாளி உள்ள தூங்கறாரு. நான் வெளிய தூங்கறேன்.'

ஓகே கொடுத்துவிட்டுத் தன் இடத்துக்கு வந்து சாப்பிட்டாள். முதலாளிக்குக் கோபம் வந்தால் எதிரில் யார் இருக்கிறார்கள் என்று பார்க்கமாட்டார். முன்பு ஒரு பையனை அப்படித்தான் நின்ற இடத்திலேயே வேலையை விட்டு அனுப்பினார். அது அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் எழுதினாள்.

சாப்பிட்டு வந்த தஸ்லீம் யாருடைய வருமானச் சான்றையோ திறந்தாள். சர்வர் சுற்றிக்கொண்டே இருந்தது. எருமை வந்தது, முறைத்தது, படுத்தது. குமிழியைப் படித்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சரியாக அந்த நேரம் உள்ளேயிருந்து ஒரு நீளமான குறட்டை கேட்டது. கடையே வெடித்துச் சிரித்தது. ஜெராக்ஸ் எடுக்க வந்த பெண் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

சத்தம் கேட்டு மாதவராஜ் தலை கலைந்தபடி வெளியே வந்தார். "என்னாங்க?" என்று கேட்டுக்கொண்டே திரையைப் பார்த்தார். சிரிப்பு அடங்கியது. தஸ்லீம் எழுந்து நின்றாள். கலைமதி கீபோர்டைப் பார்த்தபடி காத்திருந்தாள்.

மாதவராஜ் இரண்டாவது முறை படித்தார். தோள் குலுங்க ஆரம்பித்தது. கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். போனை எடுத்து எருமையைப் படம் பிடித்தார்.

"இதை எங்க வூட்டுக்காரிக்கு அனுப்போணும். நாப்பது வருசமா அவ இதைத்தான் சொல்லிட்டு இருக்கறா. கெட்டிக்காரி தஸ்லீம் நீ."

"நான் எழுதலீங்க."

"பயப்படாத. நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்." எல்லோருக்கும் டீ சொல்லிவிட்டு உள்ளே போனார்.

டீ வந்தது. கலைமதி அதைத் தொடாமல் ஆறவிட்டாள். இத்தனை காலத்தில் முதலாளி அவளுடைய வேலையைப் பார்த்து ஒருமுறைகூட அப்படிச் சிரித்ததில்லை. இன்று சிரித்தது அவளுடைய வரிக்கு. பெயர் போனது தஸ்லீமுக்கு. 'நான்தான்' என்று எழுந்து சொல்லவும் வழியில்லை. ஏன் தஸ்லீமின் கம்ப்யூட்டரில் எழுதினாய் என்று கேட்டால் என்ன சொல்வாள்?

சாயங்காலம் ஷட்டரை இறக்கும்போது தஸ்லீம் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அக்கா, அதை நீங்கதான எழுதுனது?"

கலைமதி பூட்டைத் தேடுவதுபோலப் பையைக் கிளறினாள்.

"என்னைய மாட்டிவுடத்தான் எழுதுனீங்க. எனக்குத் தெரியும். அப்ப உசுரே போயிருச்சு" என்றாள் தஸ்லீம். பிறகு அடக்கமுடியாமல் சிரித்தாள். "ஆனா நல்லா இருந்துச்சுங்கக்கா. எனக்கு 'கொஞ்சம் பொறுங்க'ங்கறதுக்கு மேல ஒண்ணும் வரல. எருமையும் யாரோ செஞ்சதுதான்."

திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருக்கலாம். இப்படிச் சிரித்துவிடுவது இவளுக்கு எப்படி இவ்வளவு சுலபமாக வருகிறது என்று அதற்கும் சேர்த்துக் கலைமதிக்குப் பொறாமையாக இருந்தது.

"தப்புதான்" என்றாள், பூட்டைப் பார்த்துக்கொண்டு.

"சரி வுடுங்க. நாளைக்கு உங்களுதுலயும் எருமைய ஏத்திரலாம். நீங்க எனக்கு வேற வரி ஒண்ணு சொல்லுங்க. முதலாளி வரியையே தெனமும் வெச்சிருந்தா நல்லாருக்காது."

மறுநாள் காலையில் கூட்டம் வருவதற்குள் இருவரும் கலைமதியின் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார்கள். தஸ்லீம் இன்ஸ்டால் கொடுத்தாள். கலைமதி எருமையின் வேகத்தைக் குறைத்தாள், காக்கையைக் கொக்காக மாற்றினாள். பேசும் வரி கட்டம் வந்ததும் நிறுத்தினாள்.

"முதல்ல உனக்குச் சொல்றேன், போய் எழுது" என்றாள். "சர்வர் எந்திரிச்சா நானும் எந்திரிக்கறேன்."

தஸ்லீம் கைதட்டிச் சிரித்துவிட்டு அதை அடிக்கத் தன் மேசைக்கு ஓடினாள்.

அவள் முதுகு திரும்பியதும், பஸ்ஸில் வரும்போது தோன்றிய இன்னொரு வரியைக் கலைமதி தன் எருமைக்கு எழுதினாள்.

'பட்டா கேட்டு வந்தேன். படுத்தே கெடக்கறேன்.'

இரண்டில் இதுதான் நல்ல வரி என்று அவளுக்குத் தெரியும். அதை அவள் யாருக்கும் கொடுப்பதாக இல்லை.