பொன்னிக்கு விழுந்த நெட்டி

எங்கள் கார்ட்டூனில் பொறாமை ஆறு நிமிடத்தில் தீர்ந்துவிடும். அதற்கு மேல் இழுத்தால் பிள்ளைகள் வேறு படத்துக்குத் தாவிவிடும் என்பது என் தம்பி ராம்கியின் கணக்கு. மூத்தது முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளும், இளையதின் பொருளை ஒளித்து வைக்கும், அழும், மன்னிப்புக் கேட்கும். அம்மா வந்து இரண்டையும் அணைத்துக்கொண்டு, "நீங்க ரெண்டு பேரும் எனக்கு ரெண்டு கண்ணு" என்பாள். சுபம். எனக்கு முப்பத்தொரு வயதாகிறது, இன்னும் தீர்ந்தபாடில்லை.

கே.கே. நகரில் எங்கள் வீட்டு மாடி அறைதான் ஸ்டுடியோ. சுவரெல்லாம் பழைய மெத்தை, ஜன்னலில் கம்பளி. ராம்கி கதை எழுதி, படம் வரைவான். நான் பகலில் கப்பலூரில் ஒரு பெயின்ட் கம்பெனியில் வேலை பார்த்துவிட்டு, சாயங்காலம் வந்து குரல்களைப் பதிவு செய்து வெட்டி ஒட்டித் தருவேன். படத்தில் ஓர் அம்மா அணில், இரண்டு பிள்ளை அணில்கள். மூத்தவள் பொன்னிக்கு என் குரல், இளையவன் குட்டானுக்கு ராம்கியின் குரல். கம்ப்யூட்டரில் கீச்சென்று ஆக்கிவிட்டால் எங்கள் குரல் என்று ஒருவருக்கும் தெரியாது.

எங்கள் அம்மா பாண்டிச்செல்விக்கு ராம்கி செய்வதெல்லாம் அதிசயம். தின்ற தட்டைக் கழுவி வைத்தால்கூட, "என் ராசா, எம்புட்டுப் பொறுப்பு பாரு" என்பாள். அப்பா போன பிறகு வீட்டை இழுத்துப் பிடித்தது நான். அவள் கண் ஆபரேஷனுக்கு லீவு போட்டுக் கூட இருந்தது நான். எனக்குக் கிடைத்ததெல்லாம், "பருப்பு வேகல, பாத்து இறக்கு" என்பதுதான். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், என் முகத்துக்கு நேராக அவள் வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தை வந்துவிட வேண்டும் என்பதுதான் என் ஆசை. கேட்டு வாங்க ரோஷம் விடவில்லை.

வழக்கமாக அம்மா அணிலுக்குப் பேசுவது பக்கத்துத் தெரு ஸ்வப்னா. போன வாரம் அவளுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. மறுநாள் படம் போயாக வேண்டும். ராம்கி கீழே போய் எங்கள் அம்மாவையே கூட்டி வந்துவிட்டான்.

"எனக்கு என்னடா தெரியும் இதெல்லாம்?" என்று கேட்டுக்கொண்டே, முகம் கழுவிப் பொட்டு வைத்துக்கொண்டு வந்தாள் அம்மா. குரல் மட்டும்தான் என்று சொன்னதற்கு, "இருக்கட்டும்" என்றாள்.

முதலில் குட்டானின் பகுதி. குட்டான் ஒரு பூவைக் கொண்டுவந்து கொடுப்பான். ராம்கி எதிரே உட்கார்ந்து தன் வசனத்தைச் சொல்ல, அம்மா, "அடடா, என் குட்டான் எம்புட்டுச் சமத்து!" என்றாள். முதல் தடவையே ஓகே. ஓகே ஆகாமல் என்ன செய்யும்? இருபத்தாறு வருஷப் பயிற்சி. தன் பங்கு முடிந்ததும் ராம்கி, "அக்கா, சிம்மக்கல் வரைக்கும் போயி ஒரு வயர் வாங்கிட்டு வாரேன்" என்று வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

அடுத்தது என் பகுதி. நான் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, லேப்டாப்பைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பேன். அம்மாவுக்கு என் முதுகுதான் தெரியும். மழையில் நனைந்துகொண்டே கடலை சேர்த்து வந்த பொன்னியாக நான் பேச, அம்மா சொல்ல வேண்டியது: "என் பொன்னி மாதிரி பிள்ளை யாருக்குக் கிடைக்கும்!"

சொன்னாள். நன்றாகத்தான் சொன்னாள். ஆனால் கடைசி வார்த்தையோடு சேர்ந்து 'சடசட'வென்று ஒரு சத்தம். மறுபடி எடுத்தேன். மறுபடியும் சடசட. மைக்கைக் கழற்றி மாட்டினேன். நாற்காலியை மாற்றினேன். வளையலைக் கழற்றச் சொன்னேன். மின்விசிறியை நிறுத்தியிருந்ததால் இருவருக்கும் வியர்த்து ஊற்றியது. திரும்பவும் அதே சத்தம். எனக்கு எரிச்சல் தலைக்கேறி, அடுத்த தடவை அவள் பேசி முடிக்கும்போது சட்டென்று திரும்பிப் பார்த்தேன்.

அம்மா இரண்டு கைகளையும் நெற்றிப்பொட்டில் வைத்து நெட்டி முறித்துக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா பண்ற?"

"ஒண்ணுமில்ல. நீ எடு."

"இந்தச் சத்தம்தாம்மா இம்புட்டு நேரமா உசுர வாங்குது!"

"அதுக்கு நான் என்ன செய்ய? கை தானாப் போகுது. வாய் நெறையச் சொல்லிட்டுத் திருஷ்டி கழிக்காம இருக்க முடியுமா?"

"அது பொம்மை அணிலும்மா!"

"அணிலையா பாத்தேன்? நீதான உக்காந்துருக்க முன்னால."

குட்டானுக்கு அவள் சொன்ன வசனத்தை எடுத்துப் போட்டுக் கேட்டேன். துடைத்து வைத்த மாதிரி இருந்தது, ஒரு சத்தமும் இல்லை.

"ராம்கிக்கு மட்டும் கை போகலயாக்கும்?" என்றேன்.

"அவனுக்கு ஒரு நாளைக்கு நாலு வாட்டி சொல்றேன். சொல்லலேன்னா அவனுக்குச் சோறு எறங்காது, வேலையும் ஓடாது. அதுல என்ன இருக்கு?" அம்மா முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். "நீ மூணாப்பு படிக்கையில ஆண்டு விழாவுல மேடையேறிப் பேசுன. தெருவே வந்து பாத்துச்சு. என் மகளப் போல உண்டான்னு எல்லாரு முன்னாலயும் சொல்லிட்டேன். மறுநாளே மாடிப்படியில உருண்டு கைய ஒடிச்சுக்கிட்ட. அன்னைக்கு மூடுனேன் வாய."

கை ஒடிந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மாவுக்கட்டில் ராம்கி பேனாவால் கிறுக்கியதுகூட நினைவிருக்கிறது. அதற்கு முந்தின நாள் அம்மா சொன்னது மட்டும் என் காதில் விழவே இல்லை. கூட்டத்தில் யாரிடமோ சொல்லியிருக்கிறாள்.

"அதுக்காக இம்புட்டு வருசமாவா? ஒரு வார்த்தைக்கு நான் எம்புட்டு ஏங்கியிருக்கேன் தெரியுமா?" என்று கத்திவிட்டேன். அழுகையும் வந்துவிட்டது.

"கை நல்லாருக்குல்ல?" என்றாள் அம்மா. "அது போதும்னு இருந்துட்டேன்டி."

கொஞ்ச நேரம் கழித்து, கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு பேசச் சொன்னேன். பேசினாள். வானிலை அறிக்கை வாசித்த மாதிரி இருந்தது. சத்தத்தை மட்டும் தனியாக வெட்டலாம் என்று பார்த்தால் அது 'கிடைக்கும்' என்பதன் மேலேயே விழுந்திருந்தது. சத்தத்தை எடுத்தால் வார்த்தையும் போய்விடும். இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். வேலையில் நான் இப்படி விட்டுக்கொடுப்பவள் இல்லை.

ராம்கி வயரோடு வந்து, பதிவைப் போட்டுக் கேட்டான். "அக்கா, என்ன சத்தம் இது?" என்றான். சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தான். "சூப்பர்க்கா, அப்படியே வரைஞ்சுருவோம்" என்று உடனே உட்கார்ந்து, அம்மா அணில் பொன்னியின் முகத்தை வழித்துத் தன் நெற்றியில் நெட்டி முறிப்பதாக வரைந்தான். மொத்தப் படத்திலும் அந்த இடம்தான் உயிரோடு இருந்தது. பிறகு தன் காட்சியை ஓட்டிப் பார்த்தான். இன்னொரு தடவை ஓட்டினான்.

"எனக்கு இல்லயாம்மா?" என்றான்.

"உனக்கு எவடா கண்ணு வைக்கப் போறா?" என்று அம்மா விளையாட்டாகத்தான் சொன்னாள்.

பையன் முகம் சுருங்கிவிட்டது. வாயைப் பிதுக்கிக்கொண்டு டேப்லெட்டைத் திருப்பி வைத்தான். பசிக்கவில்லை என்றான். அந்த முகம் எனக்குத் தெரிந்த முகம்தான். இத்தனை வருஷமும் அது என்னிடம் இருந்தது. சும்மா சொல்லக் கூடாது, அவனிடம் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. கொஞ்ச நேரம் கழித்துப் பாவமாகவும் இருந்தது.

அம்மாவுக்கும் பொறுக்கவில்லை. "வாடா இங்க, என் தங்கம்" என்று கூப்பிட்டு, அவன் கன்னங்களை வழித்து, விரல்களை மடக்கித் தன் நெற்றிப்பொட்டில் வைத்து அழுத்தினாள். ஒரு சத்தம்கூட வரவில்லை. இன்னொரு முறை அழுத்தினாள். எல்லா விரலும் எனக்கே முறிந்து தீர்ந்திருந்தது.

"வயசாயிருச்சுடா, விரலு மொரண்டு பிடிக்குது" என்றாள். அவன் 'பரவால்லம்மா' என்று சொல்லிவிட்டு, தலையைக் குனிந்தபடி அவளுக்குப் பின்னால் இறங்கிப் போனான்.

நான் மட்டும் மேலே இருந்தேன். கீழே தோசைக் கல்லில் மாவு விழுகிற சத்தம் கேட்டது. கெட்டுப்போனவை என்று ஒதுக்கி வைத்திருந்த என் பதிவுகளைத் திறந்தேன். ஒன்றில் அம்மா வசனத்தைத் தப்பும் தவறுமாகப் பேசி முடித்த பிறகு, சற்றுத் தாமதமாக நெட்டி முறித்திருந்தாள். அதில் சத்தம் தனியாகக் கிடந்தது. வெட்டிக்கொண்டு வந்து, 'என் குட்டான் எம்புட்டுச் சமத்து' என்பதற்குக் கீழே ஒட்டினேன். போட்டுக் கேட்டேன், கச்சிதமாகப் பொருந்தியிருந்தது. அந்தச் சடசடவில் மொத்தம் நான்கு விரல் இருந்தது. யோசித்துப் பார்த்து, மூன்றை எடுத்துவிட்டேன்.